கித்தார்க் கூட்டத்தில் ஒரு தவில்

எங்கள் ஒக்கலிபுரத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். ரயில் சத்தத்தையும் மீறி முதலில் காதில் விழுவது தவில்தான். நாதசுரம் அதற்குப் பிறகு. அந்தத் தவிலுக்கும், எழுபதுகளில் பெங்களூரில் ஆங்கிலப் பாட்டு வாசித்துத் திரிந்த ஒரு குழுவுக்கும் உறவு உண்டு என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் என் தந்தையார் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அந்தக் குழுவின் பெயர் 'ஹ்யூமன் பாண்டேஜ்'. தமிழில் 'மானுடத் தளை' என்று வைத்துக்கொள்ளலாம். எந்தத் தளைக்கும் கட்டுப்படாமல் முடி வளர்த்துத் திரிந்த பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பெயர்! சங்க அன்பர்களில் எழுபதை எட்டியவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். கித்தாரில் சுரேஷ் ஷோத்தம், ட்ரம்ஸில் அவர் உடன்பிறந்த ரமேஷ் ஷோத்தம், பாடுவதற்கு ராதா தாமஸ் என்ற இளம்பெண். ரமேஷ் 1948-இல் சென்னையில் பிறந்தவர். குழு எழுபதுகளின் முற்பகுதியில் கொடிகட்டிப் பறந்தது. பத்தாண்டு முடியும் முன்பே கலைந்தும் போனது.

எனக்கு அப்போது பத்து வயது. அவர்களைக் கேட்டவர் என் பெரியண்ணன். அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை. அண்ணன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். கப்பன் பூங்காவுக்கு இந்தப் பக்கம் பேட்டையும் ஆலைகளும், அந்தப் பக்கம் கண்டோன்மென்ட். ஆங்கில சினிமா, ஆங்கிலப் பாட்டு, கேக் கடை எல்லாம் அங்கேதான். பூங்காவைக் குறுக்கே கடந்து நடந்தே போய், நடந்தே வருவார் அண்ணன். ஓர் இரவு பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தவரை அப்பா திண்ணையிலேயே நிறுத்திவிட்டார்.

"எங்கடா போயிருந்தே?"

"ட்ரம்ஸ் கேக்கப் போனேம்பா."

"நம்மகிட்ட இல்லாத கொட்டா? அதுக்கு தண்டு வரைக்கும் போவணுமா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை அம்மாவின் அரிசிக் குண்டானில் விரலால் தட்டி, முந்தின இரவு கேட்டதை எனக்கு வாசித்துக் காட்டினார். அதனால்தான் அந்தக் குழுவின் பெயர் என் மனதில் தங்கியது.

அது என்ன மாதிரி இசை என்று கேட்பீர்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அறுபதுகளின் பிற்பகுதியில் இரண்டு அலைகள் எழுந்தன. ஒன்று 'சைக்கடெலிக்'. மின்சாரக் கித்தாரை உறுமவிட்டு, மூன்று நிமிடப் பாட்டைப் பத்து நிமிடத்துக்கு இழுத்து, கேட்பவனைக் கிறங்க வைப்பது. மற்றொன்று 'சோல்'. கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களிலிருந்து கிளைத்து, அடிவயிற்றிலிருந்து எழும் பாட்டு. நம் நாட்டுக் குழுக்கள் இரண்டையும் ஒரே மேடையில் கலந்து வாசித்தன. பாட்டின் நடுவே வரும் நீண்ட கற்பனைப் பகுதி நம் ஆலாபனைக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் அவ்வளவு தூரமில்லை என்பது என் எண்ணம். வித்துவான்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது!

இந்தப் பிள்ளைகள் மேலைநாட்டைக் காப்பியடித்தார்கள் என்று அன்று பெரியவர்கள் ஏசினார்கள். அதில் பாதி உண்மை. ஆனால் அதே நேரத்தில் அங்கே என்ன நடந்தது? 1968-இல் பீட்டில்ஸ் குழுவினர் ரிஷிகேசத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் கற்றவர். அவர்கள் சிதாரைத் தேடி இங்கே வர, நம் பையன்கள் கித்தாரைத் தேடி அங்கே பார்த்தார்கள். ஏச்சு மட்டும் ஒரு பக்கத்துக்குத்தான்!

கித்தார் கிடைப்பது லேசாக இருக்கவில்லை. வெளிநாட்டுக் கருவி என்றால் சுங்க வரி எட்ட முடியாத உயரத்தில். ஒலிபெருக்கியை உள்ளூர் ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லித்தான் செய்துகொள்ள வேண்டும். இசைத்தட்டு வெளியிடுவது அதைவிடக் கடினம். கம்பெனிகளுக்குச் சினிமாப் பாட்டே போதுமானதாக இருந்தது. விதிவிலக்காக, 'சிம்லா' என்ற சிகரெட்டை விற்பதற்காக அகில இந்தியக் குழுப்போட்டி ஒன்று நடத்தினார்கள். அந்த 'சிம்லா பீட்' போட்டியில் வாசித்த குழுக்களின் பாட்டுகள் 1970-லும் 1971-லும் இரண்டு தட்டுகளாக வந்தன. நம் சென்னையின் 'கன்ஃப்யூஷன்ஸ்' குழு 1970-ஆம் ஆண்டுத் தட்டில் இருக்கிறது. ஒரு சிகரெட்டின் புண்ணியத்தில் அந்தக் குரல்கள் பிழைத்தன. ஹ்யூமன் பாண்டேஜின் தட்டு ஒன்று கிடைக்காதா என்று அண்ணன் பல வருஷம் அவென்யூ ரோடு பழைய கடைகளில் தேடினார். கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் மிஞ்சியது அந்தக் குண்டான் தாளம்தான்.

குழுக்கள் கலைந்ததற்குப் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கைக்கு வந்த காசு சாப்பாட்டுக்கே காணாது. வீட்டில் வேலை, கல்யாணம் என்று நெருக்குவார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் டிஸ்கோ வந்ததும், தட்டைச் சுழலவிட்டாலே கூட்டம் ஆடியது. வாசிக்க ஆள் எதற்கு? (டிஸ்கோவை உலகெங்கும் பரப்பியவர்களில் ஒருவரும் பெங்களூர்க்காரர்தான். இங்கே இளவயதில் 'ட்ரோஜன்ஸ்' என்று குழு வைத்திருந்து, அது கலைந்தபின் லண்டன் போன பித்து. 1974-இல் கார்ல் டக்ளஸ் பாடிய 'குங்ஃபூ ஃபைட்டிங்' பாட்டைத் தயாரித்தவர் அவரே.) ராதா தாமஸ் அமெரிக்காவில் பல்லாண்டு வாழ்ந்து, பெங்களூருக்கே திரும்பி ஜாஸ் பாடகியாகப் பெயர் பெற்றார்.

ரமேஷ் ஷோத்தமின் வழிதான் விசித்திரம். டி.ஏ.எஸ். மணி என்ற மிருதங்க வித்துவான் 1964-இல் பெங்களூரில் நிறுவிய கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியில் அவர் மாணவராகச் சேர்ந்தார். ராக் மேடையில் பெயரெடுத்தவர், சொற்கட்டைத் தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து கற்றார். எடுத்துக்கொண்ட வாத்தியம் தவில்.

ஏன் தவில்? என் ஊகத்தைச் சொல்கிறேன். மிருதங்கம் அரங்கத்துக்குள் கேட்பதற்கு. தவிலோ திறந்த வெளிக்கு. பலாமரக் கட்டையைக் குடைந்து, இரு பக்கமும் தோலை முறுக்கேற்றி இழுத்துக் கட்டியிருக்கும். ஒரு கையில் குச்சி. மறு கை விரல்களில் கல்லாக இறுகிய கூடுகள். மின்சாரக் கித்தாருக்கு எதிரே நின்று சமமாகப் பேசக்கூடிய கொட்டு நம்மிடம் அது ஒன்றுதான்.

அந்தக் கல்லூரியின் வாசலுக்கு உலகமும் வந்தது. 1978-79-இல் 'எம்ப்ரியோ' என்ற ஜெர்மானியக் குழு, ஆப்கானிஸ்தான் வழியாகப் பேருந்திலேயே இந்தியா வந்து, இவர்களோடு சேர்ந்து வாசித்தது. சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் 1983-இல் இக்கல்லூரியினரோடு 'ஜோதி' என்ற தட்டைப் பதிவு செய்தார். இந்த மரியானோ நம் நாதசுரத்தை முறையாகக் கற்று, ஜாஸ் தட்டுகளிலும் வாசித்தவர். அவர் கடைசிக் காலம் வரை வாழ்ந்த ஊர் ஜெர்மனியின் கொலோன். ரமேஷ் ஷோத்தம் குடியேறியதும் அதே கொலோன். ரைன் நதிக்கரையில் ஒரே ஊரில், நாதசுரம் தெரிந்த அமெரிக்கரும் தவில் தெரிந்த சென்னைக்காரரும்! 1998-இல் மரியானோ வெளியிட்ட தட்டு ஒன்றின் பெயரே 'பெங்களூர்'. ரமேஷ் பிற்பாடு தம் குழு ஒன்றுக்கு 'மெட்ராஸ் ஸ்பெஷல்' என்று பெயர் வைத்தார்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டபோது அப்பா இல்லை. பெரியண்ணனும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய பேத்தியின் கல்யாணத்தில், முகூர்த்தம் முடிந்து மேளக்காரர்கள் இளைப்பாறிய நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் முழுதும் சொன்னேன்.

"நெசமாவா? தவிலா?" என்று இரண்டு முறை கேட்டார். "அப்பாகிட்ட சொல்லியிருக்கணுமேடா" என்றார். பிறகு எழுந்து, மெதுவாக மேடைப் பக்கம் போனார். தவில்காரத் தம்பி விரலிலிருந்து கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரிடம் ஏதோ கேட்டு, ஒன்றை வாங்கித் தம் விரலில் மாட்டிப் பார்த்தார். முட்டி வீங்கிப்போன விரல், நுழையவில்லை. சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த எவர்சில்வர் குண்டானில் தட்ட ஆரம்பித்தார்.