பாட்டிற்குப் பெயர்

சவ்வாது மலைச் சாரலில், வேலூருக்குத் தெற்கே, காடு சூழ விளங்குவது அமிர்தி. அவ்வூர் மாணவன் ஒருவன், சாமைக் கொல்லையில் களை பறிக்கும்பொழுது தன் பாட்டி பாடும் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்கிறான் என்று கொள்வோம். கருவி அப்பதிவிற்குத் தானே ஓர் எண்ணைப் பெயராக இட்டுவிடும். ஓராண்டு கழித்து அவன் அப்பாட்டைத் தேடினால், நூற்றுக்கணக்கான எண்களுக்கிடையே அஃது எது என்று அறிய இயலாமல் மயங்குவான். பெயர் அறியப்படாத பாட்டு, கையில் இருந்தும் இழந்த பொருளே ஆகும்.

நம் முன்னோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். எட்டுத்தொகையுள் ஒன்றாகிய பரிபாடல் இசையோடு பாடப்பெற்ற நூல். அதன் 70 பாடல்களுள் முழுமையாக இன்று கிடைப்பன 22. அவற்றுள் பலவற்றின் இறுதியில், பாடிய புலவர், இசை வகுத்தவர், பண் ஆகிய மூன்றும் குறிக்கப்பெற்றுள்ளன. அவ்விசையை இன்று நாம் கேட்க இயலாது. எனினும், அதனை வகுத்தோர் கண்ணனாகனார், நல்லச்சுதனார் முதலியோர் என்று அறிகின்றோம். அதற்குக் காரணம் அச்சிறு குறிப்புகளே.

தேவாரப் பதிகங்களைப் பெரியோர் பண்முறை, தலமுறை என இருவகையாக அடைவு செய்தனர். ஆதலின், பண்ணை அறிந்தவரும் ஊரை அறிந்தவரும் தத்தம் வழியே ஒரே பதிகத்தை அடைகின்றனர்.

கணினிக்கும் இம்முறை பொருந்தும். எம்பி3 கோப்பின் இறுதியில் 128 பைட்டு அளவுள்ள சிறிய இடத்தில் பாட்டின் பெயர், பாடியவர், தொகுப்பு, ஆண்டு முதலியவற்றைப் பொறிக்கும் ஐடி3 என்னும் முறை 1996ஆம் ஆண்டில் தோன்றியது. பின்னர் அது விரிவடைந்து, தமிழெழுத்திற்கும் இடமளித்தது. இக்குறிப்பு கோப்பினுள்ளேயே இருப்பதால், கோப்பின் வெளிப்பெயர் மாறினும் அழிவதில்லை. பாடியவர், ஆண்டு, தொகுப்பு என எவ்வழியில் தேடினும் கணினி அப்பாட்டை எடுத்துத் தரும்.

வெளிப்பெயர் இடுங்கால் ஆண்டு, திங்கள், நாள் என்னும் முறையில் எண்களை முதலில் எழுதுதல் நன்று. பதிவுகள் தாமே கால வரிசையில் நிற்கும். இரண்டாம் திங்களை 02 என்றே எழுதுக. 2 என எழுதினால், சில கருவிகள் 10ஐ அதற்கு முன்னே நிறுத்திவிடும். அதன்பின் பாட்டின் பெயரும் ஊரும் வருக.

மாணவர்களே! இவையனைத்தையும் பதிவு செய்த அன்றே செய்துவிடுங்கள். பாடியவர் பெயரையும், பாட்டு எப்பணியின்போது பாடப்படுவது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். அவர் மறைந்த பின்னும் குரல் ஒலிக்கும். அது யாருடைய குரல் என்று வினவினால், விடை கூற எவரும் இரார்.