மோசல் ஆற்றங்கரையில் பொன் பூக்கும் மாதம்

ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரிலிருந்து ட்ரியர் நோக்கிப் போகும் ரயில், கோகெம் ஊரைத் தாண்டியதும் மலைக்குள் நுழைந்துவிடுகிறது. 1879-இல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கப்பாதை நான்கு கிலோமீட்டருக்கும் அதிக நீளம். மோசல் ஆறு இருபது கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வளைந்து வந்து சேரும் இடத்துக்கு ரயில் சில நிமிடங்களில் போய்விடுகிறது. இருட்டு விலகியதும் முதலில் வரும் நிலையம் எடிகர்-எல்லர். அக்டோபர் நடுவில் அங்கே இறங்குகிறவர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். மலைச்சரிவு முழுக்க மஞ்சள். எலுமிச்சை மஞ்சள், மஞ்சள்கிழங்கு மஞ்சள், ஓரங்களில் கருகத் தொடங்கிய பழுப்பு என்று ஒரே நிறம் நூறு சாயலில் ஆற்றிலிருந்து வானம் வரை ஏறி நிற்கிறது.

அந்த மலையின் பெயர் கால்மோண்ட். எல்லர், ப்ரெம் என்ற இரண்டு கிராமங்களுக்கு நடுவே ஆற்றிலிருந்து சுமார் 290 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. சரிவு சில இடங்களில் 60 டிகிரியைத் தாண்டும். உலகிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று இது. தோட்டத்தின் ஊடே போகும் நடைபாதையில் இரும்பு ஏணிகளும் பிடித்துக்கொள்ளக் கம்பிவடங்களும் அடித்து வைத்திருக்கிறார்கள். கால் பழகாதவர்கள் அந்தப் பாதையை விட்டுவிட்டு, சுற்றுவழியில் உச்சிக்குப் போகலாம். அங்கிருந்து பார்த்தால் மோசல் ஆறு ஒரு குறுகிய கொண்டைஊசி வளைவாகத் திரும்புவதும், எதிர்க்கரையில் ஸ்டூபன் கன்னியர் மடத்தின் இடிந்த சுவர்கள் தனித்து நிற்பதும் தெரியும்.

இவ்வளவு செங்குத்தான இடத்தில் ஏன் திராட்சை வைத்தார்கள்? மோசல் 50-வது அட்சரேகையை ஒட்டி ஓடுகிறது. திராட்சை பழுக்கத் தேவையான வெயில் இந்த வடக்குக் கோடியில் சமதரையில் கிடைப்பதில்லை. தெற்குப் பார்த்த செங்குத்துச் சரிவில்தான் தாழ்ந்த சூரியனின் கதிர் நேராக வந்து விழும். ஆற்றுநீரில் பட்ட வெளிச்சமும் திரும்பி வந்து சேரும். மூன்றாவது துணை, கல். தரையில் மண்ணைவிட அதிகம் கிடப்பது, பள்ளிக்கூடச் சிலேட்டில் நாம் எழுதிப் பழகிய அதே வகைக் கல்தான். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குத் திருப்பித் தரும். மாலை ஐந்து மணிக்கு, காற்று குளிர்ந்து ஜாக்கெட் பொத்தானைப் போட வைக்கும் நேரத்தில், அந்தக் கல்லில் ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். உள்ளங்கைக்கு இதமாகச் சூடு இருந்தது.

கொடிகளை வளர்க்கும் முறையும் தனி. நம்மூர்க் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பதுபோல் இங்கே பந்தல் கிடையாது. சரிவில் பந்தலோ கம்பிவேலியோ நிற்காத இடங்களில் ஒவ்வொரு கொடிக்கும் ஆளுயரத்துக்கு மேலான ஒற்றைக் கம்பு. கவாத்து செய்த பிறகு மிஞ்சும் இரண்டு கிளைகளை இருபுறமும் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுகிறார்கள். இலை நிறைந்திருக்கும்போது கண்ணில் படாது. அக்டோபர் கடைசியில் இலை உதிர்ந்ததும் மலை முழுக்க ஆயிரமாயிரம் இதய வடிவங்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம். கம்பைச் சுற்றிச் சுற்றி வேலை செய்ய முடிவதால், ஆள் மேலும் கீழும் மட்டுமல்லாமல் குறுக்காகவும் நகர முடிகிறது. செங்குத்தில் அது பெரிய ஆறுதல்.

நான் பார்த்த பறிப்பு காலை மூடுபனி விலகிய பிறகு தொடங்கியது. பறிப்பவர்களில் பலர் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் பருவத்துக்கு வருகிறவர்கள். ஒரு பெண் சரிவில் ஒரு காலை மடித்து ஊன்றி, மறுகாலை நீட்டி வைத்துக்கொண்டு, இடது கையில் குலையைத் தாங்கி, வலது கையில் சிறு கத்தரியால் காம்பை வெட்டினார். வெட்டியதும் வாளியில் போட்டுவிடவில்லை. குலையைத் திருப்பிப் பார்த்து, அழுகிய மணிகளைக் கத்தரி நுனியால் நெம்பித் தள்ளிவிட்டு, முகர்ந்து பார்த்து, பிறகுதான் போட்டார். வாளி நிறைந்ததும் ஒருவர் முதுகில் கட்டிய தொட்டியில் கொட்டி வாங்கிக்கொண்டு இறங்கினார். சில தோட்டங்களில் பல்வைத்த ஒற்றைத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். சிறு எஞ்சின் பூட்டிய தட்டு ஒன்று அதில் பழப்பெட்டிகளோடு பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வருகிறது.

எல்லா அழுகலையும் எறிந்துவிடுவதில்லை என்பது இங்கே நுணுக்கம். காலையில் பனி, மதியம் வெயில் என்று இலையுதிர் காலம் ஒழுங்காக நடந்தால், பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை ரீஸ்லிங் திராட்சையின் தோலைத் துளைத்து நீரை ஆவியாக்கிவிடும். உலர்ந்து சுருங்கிய அந்த மணிகளில் சர்க்கரையும் புளிப்பும் மணமும் செறிந்துவிடுகின்றன. அவற்றை மணி மணியாகப் பொறுக்கித்தான் மோசலின் மிக விலையுயர்ந்த இனிப்பு ஒயின்களைச் செய்கிறார்கள்.

சுற்றுலா விளம்பரங்கள் இந்த இடத்தை இயற்கை அழகு என்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரோமானியர் காலத்திலிருந்தே மனிதக் கைகள் கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, மழை அரித்துக்கொண்டு போன மண்ணைக் கூடையில் சுமந்து திரும்ப மேலேற்றி, ஆண்டுதோறும் கட்டிக்காத்த அழகு இது. கி.பி. 371-ஐ ஒட்டி ரோமக் கவிஞர் அவுசோனியஸ் இந்த ஆற்றைப் பாடியபோதே, தோட்டச் சரிவு நீரில் தலைகீழாகத் தெரிவதைச் சொல்லியிருக்கிறார். நொய்மாகன் கிராமத்தில் கிடைத்த, ஒயின் பீப்பாய் ஏற்றிய படகின் கற்சிற்பம் ட்ரியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு வயது சுமார் 1,800. துடுப்பு போடுகிறவர்களின் முகங்களைப் பார்க்கவாவது அங்கே ஒரு மணிநேரம் ஒதுக்க வேண்டும்.

அந்தக் கைகளின் கதையை முதலில் உலகுக்கு எழுதியவர்களில் ஒருவர் ட்ரியரில் பிறந்த கார்ல் மார்க்ஸ். அவருடைய தந்தைக்கே திராட்சைத் தோட்டத்தில் பங்கு இருந்தது. 1815-க்குப் பின் பிரஷ்ய ஆட்சியில் சுங்கப் பாதுகாப்பால் மோசல் ஒயினுக்கு நல்ல விலை கிடைத்தது. தெற்கு ஜெர்மன் நாடுகளோடு சுங்க ஒப்பந்தம் வந்ததும் மலிவான ஒயின் உள்ளே வந்தது, விலை சரிந்தது, தோட்டக்காரர்கள் கடனில் மூழ்கினார்கள். இந்த அவலத்தைப் பற்றி வந்த செய்திகளை அரசு மறுத்தபோது, அவற்றுக்கு ஆதரவாக 1843 ஜனவரியில் 'ரைனிஷ் ஸைட்டுங்' இதழில் எழுதினார் அதன் ஆசிரியரான 24 வயது மார்க்ஸ். சில வாரங்களில் அந்த இதழே தடைசெய்யப்பட்டது. பொருளாதாரக் கேள்விகளின் பக்கம் தன்னை முதலில் தள்ளியவற்றில் மோசல் விவசாயிகளின் நிலைமையும் ஒன்று என்று 1859-இல் அவரே குறிப்பிட்டார். 'மூலதனம்' படித்த தமிழ் வாசகர்கள் பலருக்கு, அதன் தொலைதூர வேர்களில் ஒன்று இந்தச் சரிவில் இருப்பது வியப்பாக இருக்கலாம். துன்பம் அதோடு தீரவில்லை. 1926 பிப்ரவரி 25-ஆம் தேதி ஒயின் வரியை எதிர்த்து, மோசல் கரை ஊரான பெர்ன்காஸ்டலில் திரண்ட தோட்டக்காரர்கள் வரி அலுவலகத்துக்குள் புகுந்து கோப்புகளை எரித்தார்கள். அந்த ஆண்டே வரி நீக்கப்பட்டது.

இப்போதைய நெருக்கடி வேறு மாதிரி. சமவெளியில் இயந்திரம் செய்துவிடும் வேலைக்குச் செங்குத்தில் பல மடங்கு நேரம் மனித உழைப்பு தேவை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் 12,000 ஹெக்டேர் அளவில் இருந்த மோசல் தோட்டப் பரப்பு இன்று ஏறத்தாழ 8,500. கால்மோண்டிலேயே பெரும்பகுதி ஒரு காலத்தில் தரிசாகிப் புதர் மண்டியது. நடைபாதையும் ஒற்றைத் தண்டவாளமும் வந்த பிறகுதான் ஒரு பகுதி மீண்டது. மஞ்சளுக்கு நடுவே கரும்பச்சைத் திட்டாகத் தெரிவதெல்லாம் கைவிடப்பட்ட தோட்டம். ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால், பிறகு ஒவ்வொரு வளைவிலும் அதைத் தேடத் தொடங்கிவிடுகிறோம்.

வானிலையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் ரீஸ்லிங் பறிப்பு அக்டோபரில் தொடங்கி நவம்பர் வரை நீளும். இப்போது செப்டம்பரிலேயே தொடங்கிவிடுவதால், பொன்னிறம் முழுமையாகும் வாரத்தில் பல சரிவுகளில் பழம் இருப்பதில்லை. மைனஸ் 7 டிகிரியில் கொடியிலேயே உறைந்த திராட்சையைப் பிழிந்து செய்யும் 'ஐஸ்வைன்' 2019 பருவத்தில் ஜெர்மனியின் 13 ஒயின் பகுதிகளிலும் கிடைக்கவில்லை. பறிப்பையும் இலை நிறத்தையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள் அக்டோபர் முதல் பாதியைத் தேர்ந்துகொள்வது நல்லது.

அந்த நாட்களில் வீதிக்கு வீதி கிடைப்பது 'ஃபெடர்வைஸர்', நொதித்துக்கொண்டே இருக்கும் புது ஒயின். வாயு வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்கமாட்டார்கள். பாட்டிலைப் பையில் படுக்கவைத்தால் துணியெல்லாம் நனையும். சூடான வெங்காய அடையோடு சாப்பிடுவார்கள். குடிக்காதவர்களுக்குப் பல வீடுகளில் சொந்தத் தோட்டத்துத் திராட்சைச் சாறு தருகிறார்கள். ரீஸ்லிங்கின் புளிப்பு அதிலும் சுள்ளென்று தெரியும். தோட்டக்காரர்களே தங்கள் வீட்டில் நடத்தும் 'ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட்' என்ற பருவக் கடைகளைத் தவறவிடாதீர்கள். ஆண்டுக்கு நான்கு மாதங்கள், அதிகபட்சம் 40 இருக்கைகள் என்பது சட்டம்.

பெர்ன்காஸ்டலின் மரச்சட்ட வீடுகளில் கூட்டம் அதிகம். பாலம் தாண்டி எதிர்க்கரையில் கூஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே பிறந்த கர்தினால் நிக்கோலாஸ், 1458-இல் 33 முதியவர்களுக்காக ஓர் இல்லம் நிறுவித் திராட்சைத் தோட்டங்களின் வருமானத்தை அதற்கு எழுதிவைத்தார். இன்றும் அது முதியோர் இல்லம்தான். அதன் பெயரில் இன்றும் ஒயின் விற்கிறார்கள்.

வாங்கும்போது விலையில் கஞ்சம் பிடிக்காதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் சில யூரோவுக்குக் கிடைக்கும் பாட்டில் பெரும்பாலும் சமதரையில் இயந்திரம் பறித்தது. 30 சதவீதத்துக்கு மேல் சரிந்த தோட்டத்துப் பழம் என்றால் பாட்டிலில் 'ஸ்டைல்லாகே' என்று அச்சிட அனுமதி உண்டு. அதைப் பார்த்து, முடிந்தால் விளைவித்தவர் வீட்டிலேயே வாங்குங்கள். எந்தச் சரிவு என்று கேட்டால் வாசலுக்கு அழைத்து வந்து கைநீட்டிக் காட்டுவார்கள்.