புது வீட்டு வயரிங்: கணக்கு முடிக்குமுன் பார்க்க வேண்டியவை

லாரியில் துவரம்பருப்பு வந்து இறங்கினால் நான்கு மூட்டையிலாவது குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நம்மில் எவரும் சரக்கை ஏற்பதில்லை. மஞ்சளில் ஈரம் இருந்தால் கையில் அள்ளியதுமே தெரிந்துவிடும். தராசுக்கு முத்திரை போடும் தேதி தவறக் கூடாது என்று காலண்டரில் குறித்து வைக்கிறோம். அதே வணிகர், ஆயுள் சம்பாத்தியத்தைப் போட்டு வீடு கட்டும்போது, டைல்ஸ் நிறத்திற்கும் வாசற்கதவு மரத்திற்கும் பத்து நாள் அலைகிறார். சுவருக்குள் போகும் வயரை மட்டும் மேஸ்திரி கூட்டி வந்த ஆளிடம் விட்டுவிடுகிறார்.

செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் கடை வைத்திருப்பவர்களில் பலர் இன்று ஃபேர்லேண்ட்ஸ், ஸ்வர்ணபுரி, அழகாபுரம் பக்கம் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். நம் அப்பா காலத்து வீட்டில் நான்கு பல்பும் ஒரு மின்விசிறியும் ஓடின. வயரிங்கில் குறை இருந்தாலும் வெளியே தெரியாது. இன்றோ மூன்று ஏ.சி., இரண்டு கீசர், வாஷிங் மெஷின், கிரைண்டர், மோட்டார். 2,000 வாட் கீசர் ஒன்றே ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கிறது. குறை இருந்தால் அது தலைகாட்டாமல் போகாது.

எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் ஃபேர்லேண்ட்ஸில் மாடியோடு வீடு கட்டினார். கிரகப்பிரவேசம் முடிந்து இரண்டாம் மாதம், மருமகள் வாஷிங் மெஷினைத் தொட்டதும் தூக்கி எறியப்பட்டார். ரப்பர் செருப்பு காலில் இருந்தது, தப்பினார். மெஷின் கம்பெனி ஆள் வந்து பார்த்து மெஷினில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துப் போய்விட்டார். பிறகு மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அழைத்துப் போனேன். (மின்வாரியம் என்பது இன்று மின் பகிர்மானக் கழகம். நம் வாயில் வருவது என்னவோ ஈ.பி.தான்.) அவர் மெயினை அணைத்துவிட்டு மெஷின் இருந்த மூன்று துளை சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். மேல் துளையில் எர்த் வயர் இல்லை. பக்கத்து நியூட்ரலிலிருந்து விரல் நீள வயர்த் துண்டு ஒன்றை வளைத்து எர்த் துளையில் முடுக்கியிருந்தார்கள். பச்சை வயரைத் தேடினால், மெயின் போர்டுக்குள் சுருட்டி ஒரு மூலையில் திணித்துக் கிடந்தது.

வயரிங் செய்தவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "நிஜ எர்த் குடுத்தா ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழுதுங்க முதலாளி. ஐயா கோவிச்சுக்குவாருன்னுதான் இப்படிப் பண்ணிவுட்டேன்" என்றார். எங்கோ கசிவு இருந்ததால்தான் அது விழுந்தது. கசிவைத் தேட அவருக்குப் பொறுமையில்லை. அந்தக் கருவியையும் விட்டுவைக்கவில்லை. சுற்றி ஒரு வயர் போட்டு அதைத் தாண்டி நேரே இணைப்புக் கொடுத்திருந்தார்.

இந்தப் பொய் எர்த் ஏன் ஆபத்து என்பதைப் பெரியவர் சொன்னபடியே சொல்கிறேன். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும் வரை எதுவும் தெரியாது. அந்த நியூட்ரல் எங்காவது ஒரு இணைப்பில் லூசாகி விட்டுப்போனால், பேஸில் வரும் 230 வோல்ட்டும் மெஷின் வழியே வந்து அந்தத் துண்டு வயர் மூலம் மெஷினின் தகர உடம்புக்கே வந்துவிடும். எர்த்தே கொடுக்காமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு மோசமில்லை. அந்த வீட்டில் குழாய்க்குள் டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருந்த நியூட்ரல்தான் விட்டுப்போயிருந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2019 முதல் 2021 வரை ஒவ்வோர் ஆண்டும் நாட்டில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000 பேருக்கும் மேல்.

பொய் எர்த்தைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நாமே செய்ய வேண்டாம்; லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துச் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்த வேண்டும். கருவி விழ வேண்டும், வீடும் இருள வேண்டும். கருவி விழுந்தும் விளக்கு எரிகிறதென்றால் அதைத் தாண்டி இணைப்புப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எர்த்தே இல்லாத வீட்டிலும் இந்தப் பொத்தான் வேலை செய்யும். ஆகவே பொத்தானை அழுத்திக் காட்டிவிட்டு "எல்லாம் சரி" என்பவரை நம்ப வேண்டாம். அடுத்து, ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பு மாட்டி, ஒரு வயரை சாக்கெட்டின் பேஸிலும் மறு வயரை எர்த் துளையிலும் கொடுக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. உடனே விழுந்தால் எர்த் உண்மையானது. பல்பு எரியவும் இல்லை, கருவி விழவும் இல்லை என்றால் எர்த் இல்லை. கருவி விழாமல் பல்பு மட்டும் ஜம்மென்று எரிந்தால் எர்த் துளையில் இருப்பது நியூட்ரல். சமையலறை, குளியலறை, வாஷிங் மெஷின், மோட்டார் என்று ஒவ்வொரு சாக்கெட்டிலும் பார்க்க வேண்டும். ஒன்று சரியாக இருந்தால் எல்லாம் சரியென்று ஆகாது.

ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புதிய இணைப்புகளுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சில ஆயிரம் ரூபாய் சாமான். இதில் பேரம் பேசுகிறவரை நான் பார்த்திருக்கிறேன். அவரே பூஜை அறைக்குக் கிரானைட் போட்டிருந்தார்.

வயர் விஷயம் நமக்குப் புரிகிற விஷயம், ஏனென்றால் இது எடை. காயில் ஒன்று 90 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் செம்பு மட்டுமே ஏறத்தாழ 2 கிலோ இருக்க வேண்டும், 1.5 வயரில் 1.2 கிலோ, 4 வயரில் 3.2 கிலோ. மேலுறை எடை தனி. 2.5 என்று எழுதிய காயில் உறையோடு சேர்த்தே 2 கிலோதான் நிற்கிறதென்றால் செம்பு குறைவு அல்லது நீளம் குறைவு. கடைத் தராசில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. வயரின் மேலேயே கம்பெனி பெயர், அளவு, ஐ.எஸ்.ஐ. முத்திரை, சாதாரண பி.வி.சி. வயரானால் ஐ.எஸ். 694 என்ற எண் அச்சாகியிருக்கும். நகத்தால் சுரண்டினால் போகிற எழுத்து என்றால் திருப்பிக் கொடுங்கள்.

விளக்குக்கு 1.5, பவர் சாக்கெட்டுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 என்பது நல்ல வழக்கம். எம்.சி.பி.யை வயரை ஒட்டித்தான் போட வேண்டும். 2.5 வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டினால் எம்.சி.பி. விழுமுன் வயர் உருகிவிடும். "அடிக்கடி விழுது, பெரிசு மாட்டிடலாமா?" என்று எவராவது கேட்டால் அனுமதிக்காதீர்கள்.

பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. வீடு முழுக்க ஒரே நிறத்தில் இழுத்திருந்தால் மிச்சமிருந்த காயிலைத் தீர்த்திருக்கிறார்கள். சுவிட்ச் பேஸில்தான் இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் டெஸ்டர் எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் போய்விட்டது. பல்பு மாற்றும்போது அடிக்கும். குழாய்க்குள் ஒட்டு கூடவே கூடாது. பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வைத்துக் கொண்டால் நாளை ஆணி அடிக்கும்போதும் உதவும்.

சேலத்து மண்ணில் பல இடங்களில் சில அடியிலேயே பாறை தட்டுகிறது. இரண்டடிக் கம்பியைத் தட்டி இறக்கிவிட்டு "எர்த் போட்டாச்சு" என்பார்கள். இரண்டரை மீட்டர் குழாயாவது இறங்க வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற வாய் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் ஊற்றாவிட்டால் நல்ல எர்த்தும் கெட்டுவிடும்.

மின் இணைப்புக்கு மனுப் போடும்போது லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டர் வேலை முடிந்ததாகக் கையெழுத்திட்ட அறிக்கை தேவை. அந்தக் கையெழுத்து வீட்டு வாசலையே மிதிக்காத ஒருவரிடமிருந்து வருவதும் உண்டு. இங்கிலாந்தில் 2005 முதல் வீட்டு வயரிங்கைக் கட்டட விதிகளுக்குள்ளேயே கொண்டு வந்துவிட்டார்கள். இங்கேயும் விதி இருக்கிறது. நாம்தான் கையெழுத்திட்டவரை நேரில் வரச் சொல்வதில்லை.

ஆகவே வேலை பேசும்போதே, கூலியில் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைப்பதாகச் சொல்லிவிடுங்கள். லைசென்ஸ்காரர் நேரில் வந்து, மெக்கர் வைத்து ஒவ்வொரு சுற்றையும் சோதித்து, அளவைத் தாளில் எழுதிக் கொடுத்த பிறகு அந்தப் பாக்கி. 500 வோல்ட் மெக்கரில் 1 மெகோமுக்குக் குறையக் கூடாது. கடைக் குடோனுக்கும் இதே ஏற்பாடுதான். அங்கே சாக்கு மூட்டையும் எலியும் இருப்பதால் வயரைக் குழாய் இல்லாமல் விடவே கூடாது. அந்தத் தாளின் நகல் ஒன்றை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள், இன்னொன்றை மெயின் போர்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்.