பானெட்டிலிருந்து ஸ்டியரிங்குக்கு

தரையோடு தாழ்த்தி அலங்கரித்த லோரைடர் கார்களில் பேர்போனது 'ஜிப்சி ரோஸ்'. 1964 மாடல் இம்பாலா. இளஞ்சிவப்பு உடம்பு முழுக்க ரோஜா ஓவியங்கள். 2017இல் வாஷிங்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி மரியாதை செய்தார்கள். ஆடை களைந்து ஆடிப் புகழ்பெற்ற ஒரு மேடை நட்சத்திரத்தின் பெயர்தான் அதற்கு. ஆக, வண்டிக்குப் பெண் பெயர், லோரைடர் பத்திரிகை அட்டையில் பானெட் மேல் பிகினிப் பெண். சாவி மட்டும் ஆண்கள் பையில். அந்த மாடல் பெண்கள் விரும்பித்தானே நின்றார்கள் என்று பழைய ஆட்கள் கேட்கிறார்கள். இருக்கலாம்.

ஆனால் 1970களிலேயே கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் சிகானா பெண்கள், அதாவது மெக்சிக வம்சாவளி அமெரிக்கப் பெண்கள், தங்களுக்கென்றே கார் கிளப் வைத்திருந்தார்கள். அட்டைப்படத்துக்கு மட்டும் அவர்கள் தோதுப்படவில்லை போலும்!

'வண்டியை ஏற்றி இறக்கிக் குதிக்கவைப்பது பெண்ணுக்கு வருமா?' என்பதுதான் எனக்கு எரிச்சலூட்டும் கேள்வி. லோரைடரின் டிக்கியைத் திறந்தால் பம்பும் வரிசையாக பேட்டரிகளும். ஸ்விட்சைத் தட்டினால் சிலிண்டருக்குள் எண்ணெய் பாய்ந்து வண்டி எழும்பும். சக்கர விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தாழக்கூடாது என்று கலிஃபோர்னியா 1958இல் சட்டம் போட்டது. அதற்குப் பட்டறைக்காரர்கள் கண்ட மாற்றுதான் இந்தப் பம்பு. போலீஸ் தென்பட்டால் ஏற்று, போனதும் இறக்கு. வண்டியைக் குதிக்கவைப்பதோ முழுக்கத் தாளக்கட்டு. முன்பக்கம் எழும்போது விரலை எடுத்து, கீழே விழுந்து எம்பும் நொடியில் மறுபடி தட்ட வேண்டும். ஒரு நொடி பிசகினால் வண்டி சும்மா ஆடும். இதில் புஜபலத்துக்கு என்ன வேலை?

கலிஃபோர்னியாவின் நேஷனல் சிட்டியில், தெருவில் மெதுவாக வண்டி உருட்டிப் போகும் லோரைடர் ஊர்வலத்துக்கு 1992 முதல் இருந்த தடையை எதிர்த்துப் பெண்களும் முன்வரிசையில் நின்றார்கள். 2023இல் அந்த ஊரில் தடை போனது; 2024 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கவே போனது, தாழ்வுக் கட்டுப்பாடும் சேர்ந்து. இனி இரவில் நிதானமாக உருட்டிப் போகலாம்.

எதை உருட்டுவது? என் கவலை அங்கேதான். 1964 இம்பாலா இனிமேல் தயாராகி வரப்போவதில்லை. ஜப்பான்வரை அதற்கு ரசிகர்கள். துருப்பிடித்த கூட்டுக்கே கிராக்கி. வாங்கினாலும் குரோம் பூச்சு, அடுக்கடுக்கான கேண்டி பெயின்ட், வெல்வெட் சீட் என்று செலவு நீளும். அப்பாவின் கராஜில் குரோம் துடைத்தே வளர்ந்த மகளுக்கு அந்த வண்டி வருமா, அண்ணனுக்குப் போகுமா? கிளப்பில் இடம் கொடுப்பது சுலபம். வண்டியின் பத்திரத்தை மகள் பேருக்கு மாற்ற எத்தனை அப்பாக்களுக்கு மனசு வரும்? கைக்காசு குறைந்தவர்கள் 1980களின் ரீகல், கட்லஸ் கார்களை வாங்கித் தாழ்த்துகிறார்கள். நல்ல வண்டிகள்தான். இம்பாலாவின் மவுசு அவற்றுக்கு இல்லை.