முதல் ஈடு பிள்ளையாருக்கு!
தீபாவளி அடுப்படிக்குள் ஓர் எட்டிப்பார்வை

ஸ்ஸ்... பார்த்து வாங்க! கூடத்தில் வெள்ளை வேட்டியை விரித்துப் பச்சரிசி உலர்த்தியிருக்கிறது, மிதித்துவிடாதீர்கள். மின்விசிறி அங்கே முழு வேகத்தில் சுற்றுவது மனிதர்களுக்காக அல்ல, அந்த அரிசிக்காக. ஐப்பசி மழை கொட்டுகிற நாளில் மொட்டை மாடியை நம்ப முடியுமா? அதனால் விசிறிக்கு அடியில் அரிசி, விசிறி இல்லாத அறையில் குடும்பம். அப்பா செய்தித்தாளோடு திண்ணைக்குப் போய்விட்டார். அந்தத் தாளையும் இன்னும் சிறிது நேரத்தில் பிடுங்கிவிடுவார்கள். முறுக்கை எண்ணெய் வடியப் போட வேண்டுமே!

பண்டிகைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. தையல்காரரிடமிருந்து ரவிக்கை வரவில்லை, பட்டாசும் வரவில்லை. அடுப்படியில் மட்டும் தீபாவளி வந்தாயிற்று.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குப் பலகாரம் என்றால் தட்டில் அடுக்கிவைத்த அழகு. உள்ளே இருப்பவர்களுக்கு அது ஓர் அட்டவணை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. ஆனாலும் திருநெல்வேலியோ, தஞ்சாவூரோ, காரைக்குடியோ, அந்த வரிசை பெரிதாக மாறுவதில்லை. வகுத்தது யார் தெரியுமா? பலகாரங்களேதான்! எது எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் இங்கே சட்டம். ஊறித் தேற வேண்டியது முதலில். ஈரம் துளியும் இல்லாதது அடுத்து. நெய்யும் சர்க்கரையும் அதற்குப் பிறகு. பச்சைத் தேங்காய் விழுந்ததெல்லாம் அன்றைக்கு விடிந்தபின். இதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள்.

ஒரு கிண்ணம் தண்ணீரும் நாலு தலைகளும்

அடுப்பைச் சுற்றி இவ்வளவு கூட்டம் ஏன்? அதிரசத்துக்குப் பாகு காய்கிறது! வீட்டில் இருக்கிற பெரியவர்கள் அத்தனை பேரும் இங்கே ஆஜர்.

கூடத்தில் உலர்ந்த அரிசி இந்நேரம் மாவாகியிருக்கும். இரண்டு மணி நேரம் ஊறி, வடிந்து, அரை ஈரமாக இருக்கும்போதே இடித்துச் சலித்த மாவு. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். கடையில் பாக்கெட்டில் வருகிற காய்ந்த மாவுக்கு இந்த வாசலில் அனுமதி இல்லை. ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றியாயிற்று.

இப்போதுதான் நாடகம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அதில் ஒரு சொட்டுப் பாகு விழுகிறது. விரலால் உருட்டுகிறார் பெரியம்மா.

“அத்தை, பதம் வந்துடுச்சா?”

“இன்னும் ஒரு கொதி விடு.”

“அண்ணி, போதும் போதும், இறக்குங்க, கல்லாப் போயிடும்!”

தண்ணீருக்குள் உருண்டையாகத் திரள வேண்டும், ஆனால் அழுத்தினால் இளக வேண்டும். தக்காளிப் பதம் என்பார்கள். அதற்கு முன்னால் இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். தாண்டிவிட்டால் பல்லுக்குச் சோதனை. ஒரு நொடிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான் விஷயம்! இறக்கியதும் ஒருவர் மாவைத் தூவ, இன்னொருவர் கிளற, ஏலக்காயும் சுக்கும் விழ, மேலே நெய் தடவி, வாயைத் துணியால் கட்டி... அவ்வளவுதான். இனி ஒரு நாளோ இரண்டு நாளோ யாரும் தொடக்கூடாது. மாவு பாகில் ஊறி இறுக வேண்டும்.

ஊறியபின் மாவு கெட்டியாகிவிட்டதா? வெதுவெதுப்பான பால் கொஞ்சம் தெளித்துப் பிசைவார்கள். தளர்ந்துவிட்டதா? ஒரு பிடி அரிசி மாவு. பொரிக்கும் நாளில் வாழை இலைத் துண்டில் தட்டி, மிதமான தீயில் சிவக்கவிட்டு, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து ஓர் அழுத்து. எண்ணெய் வழிய வழிய அதிரசம் தட்டையாகிச் சிரிக்கும்!

சத்தம் கேட்டுச் சமைப்பவர்கள்

அடுத்த காட்சி, தெருமுனை மாவு மில். எவர்சில்வர் தூக்குகள், சம்படங்கள், பிளாஸ்டிக் வாளிகள் எல்லாம் மனிதர்களுக்குப் பதில் வரிசையில் நிற்கின்றன. உரிமையாளர்கள் ஓரமாக நின்று ஊர்க்கதை பேசினாலும் கண் முழுக்க மிஷின் மேல்தான். தனக்கு முன்னால் அரைபடுவது கோதுமையா, அரிசியா? கோதுமை என்றால் பின்னால் வருகிறவருக்குத் தாராளமாக வழிவிடும் பெருந்தன்மையை அங்கேதான் பார்க்க முடியும்!

நாலு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுத்தம் மாவு. வெண்ணெய், பெருங்காயம், உப்பு, சீரகமோ எள்ளோ. முறுக்கின் சூத்திரம் இவ்வளவுதான், சண்டை முழுக்க வெண்ணெயில். கூடினால் முறுக்கு எண்ணெயில் உதிர்கிறது. குறைந்தால் தாத்தா கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிடுகிறார்.

மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்தாயிற்று, எண்ணெய் காய்ந்துவிட்டது. நில்லுங்கள், இன்னும் ஒன்று பாக்கி! ஒரு சின்னப் புளி உருண்டையை எண்ணெயில் போட்டு, கருகியதும் எடுத்து எறிகிறார் பாட்டி. எண்ணெய் பொங்கி வழியாமல் இருக்க இந்தக் கைவைத்தியம். பிறகு முதல் ஈடு. அது பிள்ளையாருக்கு. அதில் கை வைக்கிற பேரனுக்குக் கரண்டிக் காம்பால் ஒரு செல்லத் தட்டு உறுதி.

இனி பேச்சைக் குறையுங்கள், காதைத் தீட்டுங்கள். அச்சிலிருந்து மாவு எண்ணெயில் விழுந்ததும் சலசலவென்று ஒரே ஆரவாரம். மாவில் இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிற சத்தம் அது. சத்தம் மெல்ல மெல்லக் குறையும், குமிழிகள் அடங்கும். “அடங்கிடுச்சு, எடு!” ஈரம் போய்விட்டது என்று பொருள். அதனால்தான் முறுக்கும் தட்டையும் சீடையும் வாரக்கணக்கில் தாங்குகின்றன, அதனால்தான் அட்டவணையில் அவற்றுக்கு முன்வரிசை இடம். மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெரிய சேதிதான். ஆனால் ‘எங்க வீட்டு முறுக்குக்கு முன்னால் அதெல்லாம் எம்மாத்திரம்’ என்று சொல்லாத அடுப்படி தமிழ்நாட்டில் இருக்கிறதா என்ன?

இன்னொரு ரகசியம்: பக்கத்தில் இரண்டு டின் இருக்கின்றன, பார்த்தீர்களா? பெரியது, முழுசாக வந்த முறுக்குகளுக்கு. அவை அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போகும். சின்னது, உடைந்தவற்றுக்கு. அது நமக்கு! பெரிய டின் பரணுக்கு ஏறும்போது பிள்ளைகளின் கண்களும் கூடவே ஏறும்.

இதே முன்வரிசையில் நாகர்கோவில் பக்கம் முந்திரிக்கொத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது வறுத்துப் பொடித்த பாசிப்பயறு, எள், தேங்காய், வெல்லப்பாகு. மூன்று உருண்டைகளை ஒட்டினாற்போல் சேர்த்து அரிசி மாவுக் கரைசலில் முக்கிப் பொரிப்பார்கள். தேங்காய் சேர்ந்தும் கெடாமல் இருக்கிறதே, சட்டம் உடைந்துவிட்டதா? இல்லை. தேங்காயை முன்கூட்டியே ஈரம் போகச் சிவக்க வறுத்துவிடுகிறார்கள்!

மைசூர்பாகு: மூச்சை அடக்குங்கள்

பண்டிகைக்கு இரண்டு நாள். இப்போது நெய் முறை. கடலை மாவு, சர்க்கரை, நெய், இந்த மூன்றே மூன்றை வைத்துக்கொண்டு வீட்டையே நடுங்க வைக்க முடியுமா? முடியும். மைசூர் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா செய்துகாட்டியது என்று சொல்லப்படும் மைசூர்பாகு அதைத்தான் செய்கிறது.

இதற்கு இரண்டு அடுப்பு வேண்டும். ஒன்றில் பாகும் மாவும், இன்னொன்றில் நெய் காய்ந்துகொண்டே. கிளறுகிறவர் கையை நிறுத்தக்கூடாது, ஊற்றுகிறவர் நெய்யை ஆறவிடக்கூடாது. காய்ந்த நெய் ஒவ்வொரு கரண்டி விழும்போதும் மாவு நுரைத்து எழுகிறது. அந்த நுரைதான் பிறகு உள்ளே துளைத்துளையாகத் தெரியும். நெய் கக்கி, ஓரம் விட்டு, வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வருகிற அந்த வினாடியில் தாம்பாளத்தில் கொட்டியாக வேண்டும். தொலைபேசி அடித்தால் யாரும் எடுப்பதில்லை. வாசலில் சித்தப்பாவே வந்து நின்றாலும் “இருங்க, வந்துட்டேன்” என்று குரல் மட்டும்தான் போகும்!

வெட்டியபின் பாருங்கள், ஓரம் வெளிர் மஞ்சள், நடுப்பகுதி சிவப்பு. நடுவில் சூடு வெகுநேரம் தங்கி, கொட்டியபின்னும் மாவு வேகிறது. அந்தச் சிவந்த கோடு வந்துவிட்டால் அம்மாவின் முகத்தில் வருகிற பெருமிதம் இருக்கிறதே!

நடுநிசி மருந்து

முந்தின இரவு. எல்லாம் முடிந்தது என்று நினைத்தீர்களா? இவ்வளவையும் தின்னப்போகிற வயிறுகளுக்கு ஒரு முன்னேற்பாடு வேண்டாமா? நாட்டு மருந்துக் கடையில் ‘தீபாவளி லேகியச் சாமான்’ என்று கேட்டால் பொட்டலமாகவே கட்டித் தருவார்கள். சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், கொத்தமல்லி விதை. வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருள வந்ததும் இறக்கி, ஆறியபின் தேன். விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும் ஆளுக்கு ஒரு சுண்டைக்காயளவு உருண்டை. அதற்குப் பிறகுதான் இனிப்புக்கு அனுமதி. முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிற பிள்ளைகளின் வரிசை, தீபாவளியின் இலவசக் கேளிக்கை!

விடிந்ததும் என்ன?

இட்லி மாவு நேற்று மத்தியானமே அரைத்தாயிற்று. மழைக் குளிரில் மாவு சீக்கிரம் பொங்காது. மதுரைப் பக்கம், இன்னும் எத்தனையோ ஊர்களில், தீபாவளிக் காலை என்றாலே இட்லியும் கறிக்குழம்பும்தான். இருட்டோடு இருட்டாகக் கறிக்கடைக்கு ஆள் போயாயிற்று. “நெஞ்செலும்பு கேட்டு வாங்குங்க, மாமா!” என்று முதல் நாளே சொல்லி அனுப்பியாயிற்று. மல்லி, மிளகு, சோம்பு, கசகசா வறுத்து, தேங்காயோடு அம்மியில் ஓட்டிய மணம் வெடிப்புகையையும் தாண்டி வருகிறது, பாருங்கள்.

அடுத்த வீட்டில் கறியே கிடையாது. அங்கே கேதார கௌரி நோன்பு. அதிரசம் 21, வெற்றிலை 21, பாக்கு 21 என்று எண்ணி எண்ணி வைக்கிறார்கள். படைக்கும் வரை வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. நிறத்தையும் மணத்தையும் மட்டும் வைத்து அதிரசம் பதமா இல்லையா என்று சொல்லும் கைகள் அவை.

இன்றைக்கே செய்து இன்றைக்கே காலியாக வேண்டியவை இப்போது அணிவகுக்கும். கடலைப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் பூரணமாகி, மாவில் முங்கி எழும் சுழியம். திருநெல்வேலியில் பருப்பை அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, பாகில் கிளறும் உக்காரை. காரைக்குடிப் பக்கம் வெள்ளைப் பணியாரம். அதன் அளவைக் கேளுங்கள், அழகு! படியில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே அரிசியின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். நிற்கிற உளுந்து கணக்கு, சரிந்தது கணக்கில் இல்லை. ஊறவைத்து ஆட்டி, ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் விட்டு, சிவக்கவிடாமல் எடுத்து, காரத் துவையலோடு சுடச்சுட.

ஒன்பது மணிக்கெல்லாம் தெருவில் தட்டுப் போக்குவரத்து தொடங்கிவிடும். புதுச்சட்டை போட்ட பிள்ளைகள், துணி போர்த்திய தட்டுகள். வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது. தட்டு உள்ளே வந்ததும் துணியை விலக்கி ஒரு விசாரணை நடக்கும்: “அவங்க தேன்குழல் இந்த வருஷம் நல்லா வந்திருக்கே!” “ம்ம்... வெண்ணெய் கொஞ்சம் தூக்கல்.” தீர்ப்பு அடுப்படியைத் தாண்டாது. வாசலில் நிற்கிற பிள்ளையிடம் “அம்மாகிட்ட பிரமாதம்னு சொல்லு” என்று சேதி போகும்.

இவ்வளவும் செய்த கைகள் என்ன சாப்பிடுகின்றன என்று பார்த்தீர்களா? ஒரு வாரமாக எண்ணெய் வாடையிலேயே நின்றவர்களுக்கு இனிப்பைக் கண்டாலே போதும் போதும் என்றிருக்கும். மத்தியானம் எல்லாரும் இலையில் அமர்ந்திருக்க, அவர்கள் மூலையில் தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயுமாக ஆனந்தமாக உட்கார்ந்திருப்பார்கள்.

அட்டவணையின் கடைசி வரி மறுநாளுக்கு. காலையில் மிஞ்சிய கறிக்குழம்பும் தோசையும். ஒரு ராத்திரி ஊறிய குழம்புக்கு முந்தின நாள் குழம்பு ஈடாகுமா? மத்தியானத்துக்கு வீடே ஒரே குரலில் கேட்பது மிளகு ரசமும் சுட்ட அப்பளமும். வாணலிக்கு அன்று விடுமுறை. பரண் டின்னில் முறுக்கு எத்தனை பாக்கி என்று எண்ணுகிற வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். எண்ணும்போதே குறைகிற கணக்கு அது!