பொங்கல் வாழை எங்கே போகிறது?

பொங்கல் முடிந்த மறுநாள் கேம்பல் லேன் பக்கம் போனால் எனக்கு மனசு கேட்பதில்லை. வாழைமரம், கரும்புத்தோகை, மாவிலைத் தோரணம் எல்லாம் குப்பையோடு குப்பையாகக் கிடக்கும். நம் குப்பையை எரித்த சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999 முதல் இயங்கும் அந்தக் குப்பைக் கிடங்கு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கக் கணிப்பு. நாமோ செடி வைக்கப் பையில் அடைத்த மண்ணைக் காசு கொடுத்து வாங்குகிறோம்!

அந்தக் குப்பையையே மேட்டுப்பாத்தி ஆக்கலாம். அடியில் மரக்கட்டை, அதன்மேல் கிளை, சருகு, உரம், கடைசியில் மண். மக்கும் கட்டை பஞ்சுபோல் நீரைப் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும். ஜெர்மானியர்கள் இதை ‘ஹூகல்குல்டூர்’ என்கிறார்கள். நமக்கும் இது அந்நியமில்லை. தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளில் மரத்தைச் சுற்றிக் குழி வெட்டி, தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கிப் புதைப்பார்கள். ஈரம் காக்கத்தான்.

ஆனால் அதை அப்படியே இங்கு செய்யக்கூடாது. ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் குழி வெட்டினால் வேர் அழுகும். அதனால் தரைக்கு மேலேயே அடுக்க வேண்டும். தடித்த கட்டை கறையானை அழைக்கும். வாழைத்தண்டும் இளநீர் மட்டையும் போதும். இந்த வெப்பத்தில் அவை சீக்கிரம் மக்கி மேடு அமுங்கும், அவ்வப்போது சருகும் மண்ணும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த மட்டை மக்கும்போது மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்வதால் இலை மஞ்சளாகலாம். காய்கறித் தோல், காப்பித்தூள் சக்கை கலந்தால் சரியாகும். சரிவில் சர்க்கரைவள்ளிக் கொடியைப் படரவிட்டால் அடைமழையிலும் மண் கரையாது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. மட்டையோ சிரட்டையோ வெளியே தெரியக்கூடாது. அதில் தேங்கும் ஒரு கரண்டி தண்ணீரில், ஒரே வாரத்தில் ஏடிஸ் கொசு வளர்ந்துவிடும்.

வீவக வீட்டில் இடம் ஏது என்கிறீர்களா? தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டம் பல பேட்டைகளில் இருக்கிறது. அங்கே தோட்டக் குழுவிடம் கேட்டுப் பார்க்கலாம். சொந்தமாக வேண்டுமென்றால், பூங்காக்களில் வாடகைக்கு விடும் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலப் பாத்திகள் உண்டு. மூன்றாண்டு வரை வைத்துக்கொள்ளலாம். மரக்கட்டை மக்குவதற்குள் தவணை முடிந்துவிடக்கூடும். வாழைத்தண்டுக்கு அந்தக் கவலையில்லை.

தேக்கா கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் இரண்டு தண்டு எடுத்துவைப்பார். அதை ஏற்றிக்கொள்ள டாக்சிக்காரரைச் சம்மதிக்க வைப்பது உங்கள் சாமர்த்தியம்.