தாயின் எதிர்ப்பாற்றலும் கருவின் குருதியும்

மூத்த மகவு நலமுறப் பிறந்திருக்க, அடுத்த மகவு கருவிலோ, பிறந்தபின் காமாலையாலோ இறந்துபடுதல் உண்டு. இதற்குத் தாயைப் பழித்தல் பொருந்தாது. தாயைக் காக்கும் எதிர்ப்பாற்றலே ஈண்டுக் கருவுக்குப் பகையாதல் கூடும்.

ரீசஸ் என்னும் குருதிக்காரணியை லாண்ட்ஸ்டைனரும் வீனரும் 1940-இல் வெளியிட்டனர். தாய்க்கு இக்காரணி இல்லாதிருக்க, தந்தைவழியாகக் கருவுக்கு அமையின், மகப்பேற்றின்போது அதன் குருதி சிறிது தாயின் குருதியிற் கலக்கும். தாயுடல் அதனை அயற்பொருளெனக் கொண்டு எதிர்ப்பொருளை ஆக்கும். அதற்குள் முதல் மகவு பிறந்துவிடுதலின், பெரும்பாலும் அதற்குத் தீங்கில்லை. ஆயின் எதிர்ப்பாற்றலுக்கு நினைவு உண்டு. அஃது உள்ளத்தின் நினைவன்று, அணுக்களின் நினைவு. மீண்டும் அத்தகைய கரு உண்டாயின், எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியே சென்று கருவின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

1968 முதல் வழங்கிவரும் 'டி' எதிர்ப்பொருள் ஊசி அந்நினைவு தோன்றாமற் காப்பது. மகப்பேற்றின்பின் 72 மணி நேரத்துள் இதனைச் செலுத்துவர், கருச்சிதைவுற்றார்க்கும் வேண்டப்படுவதுண்டு. நினைவு பதிந்தபின் இவ்வூசியாற் பயனில்லை. ஆதலின், முதற் கருவின்போதே தாயின் குருதிவகையை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாததாகும்.